ஆடிய கரமும் ஆக்கிய கரமும்

நன்றாக ஆடுவோரெல்லாம் நன்றாக ஆட்டுவிப்போர் ஆவரோ? கற்றல் வேறு, கற்பித்தல் வேறு. ஆசிரியராகத் தகாதார்க்கு உவமை கூறவந்த பவணந்தி முனிவர், நன்னூலிலே மடற்பனையையும் ஒன்றாக எடுத்தாண்டார். கருக்கு மட்டைகள் சூழ்ந்த பனை, அணுகிப் பறிப்பார்க்கு இடங்கொடாது. பழம் தானே விழுந்தாற்றான் உண்டு. பனையோடு வாழும் நமக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. விளையாட்டுத் துறையிலும் பெருவீரர் சிலர், பயிற்றுநரானபின் மடற்பனையாய் நின்றுவிடுவதுண்டு. அவ்வாறு நில்லாதவர் சீன நாட்டு லாங் பிங் அம்மையார். 1991 இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பெற்ற கரப்பந்தாட்டத்தில் ஈடுபாடுடைய நம் மாணவர் அவர் வரலாற்றை அறிதல் நலம்.

1960 ஆம் ஆண்டு பிறந்த லாங் பிங், இடப்புற முன்வரிசையிலிருந்து பந்தை அறையும் வன்மையால் ‘இரும்புச் சுத்தியல்’ எனப் பெயர் பெற்றார். சீன மகளிர் அணி 1981 இல் உலகக் கிண்ணத்தையும், 1982 இல் பேரு நாட்டிலே உலக வாகையையும், 1984 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கத்தையும் வென்றபோது, அவ்வணியின் வலக்கரமாய் விளங்கினார்.

ஆயினும், கரப்பந்தாட்டம் தனியொருவரின் புகழுக்கு இடந்தரும் ஆட்டமன்று. பந்தை ஏற்பவர் ஒருவர், உயர்த்திக் கொடுப்பவர் ஒருவர், அறைபவர் ஒருவர். முதலிரு கரங்களும் பிழைத்தால் மூன்றாம் கரத்தின் வலிமை வீணே. அன்றியும், ஆடுவோர் சுழன்று சுழன்று இடம் மாறுவர். முன்வரிசையில் நின்றவர் பின்வரிசைக்கும் வந்தேயாக வேண்டும். ஆகவே பயிற்றுநர் தேட வேண்டியது ஒரு சுத்தியலையன்று. ஒன்றையொன்று அறிந்த கரங்களையே.

இவ்வறிவை லாங் பிங் பழம்புகழிலிருந்து பெறவில்லை. 1987 இல் அமெரிக்கா சென்று, நியூ மெக்சிக்கோப் பல்கலைக்கழகத்திலே மாணவியாக அமர்ந்தார். அங்கேயே உதவிப் பயிற்றுநராகவும் பணிபுரிந்தார். உலக வாகை சூடியவர் மீண்டும் ஏடும் எழுதுகோலும் ஏந்தினார். அவருடைய பிற்கால வெற்றிகளுக்கு வித்து இதுவே என்பது என் துணிபு.

1994 ஆம் ஆண்டின் உலகப் போட்டியிலே எட்டாம் இடத்திற்கு இறங்கியிருந்த சீன அணியை 1995 இல் பொறுப்பேற்றார். 1996 இல் அத்லாந்தாவில் வெள்ளிப் பதக்கம் பெறுவித்தார். உடல்நலம் குன்றியமையால் சில ஆண்டுகளில் விலகினார். 2005 இல் அமெரிக்க மகளிர் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். 2008 இல் பெய்ஜிங் நகரிலே, தம்மை வளர்த்த நாட்டின் அணியை, அந்நாட்டு மக்களின் கண்முன்னே, 3–2 என வெல்ல வேண்டிய நிலை நேர்ந்தது. அமெரிக்கா அவ்வாண்டு வெள்ளிப் பதக்கம் பெற்றது. தம்மிடம் கற்க வந்தவர்க்குக் கரவாது கற்பித்தார் என்பதன்றி வேறென் சொல்வது?

2013 இல் மீண்டும் சீன அணிக்கு வந்தார். குறிப்பிட்ட சிலரையே நம்பியிராது, இளையோர் பலரைப் பயிற்சிக்கு அழைத்து, மாறி மாறிக் களமிறக்கினார். காயமுற்றோரைப் பேண வெளிநாட்டு வல்லுநரையும் வரவழைத்தார். சூ டிங் என்னும் இளநங்கை 2013 இல் தேசிய அணியுட் புகுந்து, 2016 இல் ரியோ ஒலிம்பிக்கின் தலைசிறந்த வீராங்கனையாகத் தெரிவு செய்யப்பெற்றார். அவ்வொலிம்பிக்கின் இறுதியாட்டத்தில் சேர்பியாவை 3–1 என வென்று சீனா தங்கம் பெற்றது. கரப்பந்தாட்டத்திலே வீரராகவும் தலைமைப் பயிற்றுநராகவும் ஒலிம்பிக் தங்கம் பெற்றவருள் லாங் பிங்கே முதலாமவர்.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ரியோவிலே முதற்சுற்றின் ஐந்து ஆட்டங்களிற் சீனா பெற்ற வெற்றி 2, தோல்வி 3. எனினும் பிரிவில் நான்காம் இடம் பெற்றுக் காலிறுதிக்குச் சென்று, நடப்பு வாகையாளராகிய பிரேசில் அணியை அதன் மண்ணிலேயே 3–2 என வென்றது. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கிலும் முதற்சுற்றில் வெற்றி 2, தோல்வி 3. இம்முறை ஐந்தாம் இடமே கிட்டியது, அணி வெளியேறியது. அவ்வாண்டே லாங் பிங் பதவி நீங்கினார்.

கணக்கு ஒன்றே, முடிவோ இரண்டு. ஒன்றிற் பொன்மாலை, மற்றொன்றில் வெறுங்கை. இரண்டிற்கும் கற்பித்தவர் ஒருவரே. பரீட்சைப் பெறுபேறு ஒன்றையே கொண்டு ஆசிரியரை அளக்கும் நாம் இதனைச் சிந்தித்தல் தகும். ஆசிரியர் பணியின் அளவுகோல் பதக்கம் மட்டுமன்று. தாம் கற்றதைப் பிறர் எட்டிப் பறிக்கும் உயரத்தில் வைத்தாரா என்பதே.

நம் கல்லூரி மைதானத்திலே பந்தடித்துப் பரிசு பெற்ற பழைய மாணவர் பலர். அவருட் சிலரேனும் மாலை வேளைகளில் மீண்டும் அம்மைதானத்திற்கு வந்து, தம் கைத்திறனை இளையோர்க்குக் கைமாற்றுவாராயின், அதுவே இவ்விழாவுக்கு அவர் ஈயும் நற்பரிசாகும்.