வீட்டு ஒலிக்கருவிகளுக்கான மின்சீராக்கம்

வீட்டு ஒலிக்கருவிகளுக்கான மின்சீராக்கம் என்பது ஆம்ப்ளிபையர், ஹோம் தியேட்டர் போன்ற கருவிகளுக்கு வரும் மின்னழுத்தத்தை நிலைப்படுத்துவதும், மின்சாரத்தில் கலந்துவரும் இரைச்சலையும் திடீர் மின்னெழுச்சியையும் குறைப்பதும் ஆகும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வறண்ட பகுதிகளில் இதற்கு அடிப்படை, எர்த் எனப்படும் நிலத்தொடர்பு ஆகும்.

மின்னழுத்த ஏற்ற இறக்கம்

இந்தியாவில் வீடுகளுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வழங்கப்படுகிறது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் இதில் 6 விழுக்காடு ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை. கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும்போது வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கிறது. அப்போது அதே மின்கம்பியின் கடைசியில் உள்ள வீடுகளில் மின்னழுத்தம் சட்டெனத் தாழும். மாறாக, மும்முனை மின்பாதையில் நியூட்ரல் கம்பி அறுந்தால் சில வீடுகளில் மின்னழுத்தம் 300 வோல்ட்டுக்கு மேலும் உயரக்கூடும்.

ஸ்டெபிலைசர்

ரிலே வகை ஸ்டெபிலைசர் மின்னழுத்தத்தைப் படிப்படியாகவும், செர்வோ வகை தொடர்ச்சியாகவும் சரிசெய்கின்றன. இவை இரைச்சலை வடிகட்டுவதில்லை. கருவியின் பின்புறம் "100–240 வோல்ட்" என அச்சிடப்பட்டிருந்தால், குறைந்த மின்னழுத்தத்திற்காக அதற்குத் தனி ஸ்டெபிலைசர் தேவையில்லை. உயர் மின்னழுத்தத்தில் இணைப்பைத் துண்டிக்கும் அமைப்பு எல்லாக் கருவிகளுக்கும் நல்லது.

இரைச்சல்

டி.வி.யும் ஆம்ப்ளிபையரும் வெவ்வேறு பிளக் பாயிண்டுகளில் மாட்டப்பட்டால், இரண்டு எர்த் பாதைகளுக்கிடையே மின்னோட்டம் சுற்றி 50 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்கலாம். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து இணைப்பது பெரும்பாலும் இதைத் தீர்க்கும். ஆம்ப்ளிபையருக்குள் உள்ள வடிகட்டி மின்தேக்கி பழுதானால் 100 ஹெர்ட்ஸ் உறுமல் எழும். அதற்கு மின்தேக்கியை மாற்ற வேண்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓடும்போது வரும் இரைச்சல், சைன் அலை இன்வெர்ட்டரில் குறையும்.

உறுமலை நிறுத்த பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்தானது. உள்ளே காப்பு பழுதானால் கருவியின் உலோக உடலில் 230 வோல்ட் நிற்கும். தொடுபவரின் உடல் வழியாக அது நிலத்தில் இறங்கும்.

வறண்ட மண்ணில் எர்த்

ஈரமில்லாத மண் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. கரிசல் மண் கோடையில் சுருங்கி வெடிக்கும்போது, எர்த் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விழுகிறது. மழைக்காலத்தில் நன்றாக இருந்த எர்த் சித்திரை, வைகாசியில் பயனற்றுப்போவது இதனால்தான். குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் அடுக்கடுக்காக இடுவதும், ஈரமுள்ள ஆழம்வரை குழாயை இறக்குவதும், கோடையில் எர்த் குழியில் தண்ணீர் ஊற்றுவதும் உரிய முறைகள். வடகிழக்குப் பருவமழைக் கால மின்னலின்போது மின்னெழுச்சித் தடுப்பான் முழுமையாகச் செயல்படவும் நல்ல எர்த் வேண்டும். எனினும் இடி இடிக்கும்போது மின்பிளக்கையும் கேபிள் டி.வி. ஒயரையும் கழற்றிவிடுவதே உறுதியான பாதுகாப்பு.

செய்ய வேண்டிய வரிசை

உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த்தைச் சோதிப்பது முதல் வேலை. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்துவது இரண்டாவது. ஸ்டெபிலைசரும் இரைச்சல் வடிகட்டியும் அதற்குப் பிறகே. எர்த் இல்லாத வீட்டில் விலையுயர்ந்த மின்சீராக்கிகூட முழுப் பயன் தராது.