வட்டு நிரம்பிய நிலையில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை வேறு பிரிவிற்கு மாற்றுதல்

வட்டுப் பிரிவு நிரம்பிவிட்டது என்பதனால் மட்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சிதைவதில்லை. அது புதிய பதிவுகளை ஏற்க மறுக்கும். முன்னெழுத்துப் பதிவேடும் அதே பிரிவில் இருப்பின் சேவையகமே நின்றுவிடக்கூடும். இடம் தேடும் பதற்றத்தில் நிருவாகி நீக்கும் கோப்புகளே மீளா இழப்பை விளைவிக்கின்றன. முன்னெழுத்துப் பதிவேட்டின் அடைவு ஒரு காலத்தில் 'பிஜி_எக்ஸ்லாக்' எனப்பட்டது. பெயரைக் கண்டு, அதனை வெறும் நிகழ்வுக் குறிப்பு எனக் கருதி அழித்தோர் இருந்தமையால், 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பில் அது 'பிஜி_வால்' எனப் பெயர் மாற்றப்பட்டது. ஒவ்வொன்றும் இயல்பாக 16 மெகாபைட் அளவுள்ள அக்கோப்புகளைக் கையால் நீக்குதல் எந்நிலையிலும் தகாது. அவை குவிந்திருப்பின், பயனற்றுப்போன நகலாக்க இணைப்போ தோல்வியுறும் ஆவணக் கட்டளையோ காரணமா என ஆராய்தல் வேண்டும்.

வரிசைகளை நீக்குவதும் உடனடிப் பயன் தாராது. விடுபட்ட இடம் பெரும்பாலும் அட்டவணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 'வேக்கம் ஃபுல்' கட்டளை அவ்விடத்தை மீட்கும். ஆயின் அட்டவணை முழுவதையும் புதிதாக எழுத அதற்கே வெற்றிடம் தேவை. தமிழ்த் தரவகங்களைப் பேணுவோர் இந்நிலையை விரைவில் எதிர்கொள்வர். யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் கொள்வதால், 'தமிழ்' என்னும் சொல்லுக்கே 15 பைட் செலவாகிறது.

எனவே இடமாற்றமே தக்க வழியாகிறது. ஓரிரு அட்டவணைகளே பெரியவை எனின், புதிய பிரிவில் அட்டவணைவெளி ஒன்றை உருவாக்கி அவற்றை மட்டும் நகர்த்தலாம். நகரும்வரை அவ்வட்டவணைகள் முற்றாகப் பூட்டப்பட்டிருக்கும் என்பதும், அட்டவணைவெளி தனித்தியங்கும் தரவுத்தளமன்று என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை. அப்பிரிவு பழுதுற்றால் தரவுத்தளத் தொகுதி முழுவதுமே இயங்காமற் போகலாம்.

தரவு அடைவு முழுவதையும் மாற்றுவதாயின், 'ஆர்சிங்க்' கொண்டு இருமுறை படியெடுத்தல் சிறந்தது. முதற்படி சேவையகம் இயங்கும்போதே எடுக்கப்படும். அது முரண்பாடுடையதாயினும், பேரளவுக் கோப்புகள் முன்னரே சென்றுவிடுவதால் சேவை நிற்கும் நேரம் குறைகிறது. பின்னர் சேவையகத்தை முறையாக நிறுத்தி, இரண்டாம் முறை படியெடுக்க வேண்டும். இம்முறை, மூலத்தில் மறைந்த கோப்புகளைப் படியிலும் நீக்கும் தெரிவும், உள்ளடக்கச் சரிகூட்டலை ஒப்பிடும் தெரிவும் இன்றியமையாதவை. உரிமையாளரும் அணுக்க உரிமைகளும் மாறாதிருத்தல் வேண்டும்; பிறர் அணுகத்தக்க அடைவில் சேவையகம் தொடங்க மறுக்கும். அமைவுக் கோப்பில் தரவு அடைவின் பாதையைத் திருத்தித் தொடங்கியபின், 'ஷோ' கட்டளையால் புதிய பாதையை உறுதிசெய்யலாம். பழைய அடைவைப் பெயர் மாற்றி வைத்து, தரவுகளும் காப்புப்படியும் சரிபார்க்கப்பட்ட பின்னரே நீக்குதல் நலம்.

புதிய பிரிவு ஏற்றப்படும் அடைவையே தரவு அடைவாக ஆக்காமல், அதனுள் ஓர் உள்ளடைவை அமைத்தல் வேண்டும். மறுதொடக்கத்தின்போது பிரிவு ஏற்றப்படாது போயின், வெற்று அடைவைக் காணும் தொடக்க நிரல் அங்கே புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கிவிடக்கூடும். பிரிவு ஏறிய பின்னரே சேவை தொடங்குமாறு சேவைக் கோப்பிலும் குறித்து வைக்கலாம்.