முகத்தில் முடி: மருத்துவர் கேட்கும் கேள்விகள்

நான் மருத்துவன் அல்லன். நாற்பது வருஷமாகப் பூனாவில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். இந்த விஷயத்தைத் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தம்பி மகள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

19 வயதில் அவளுக்கு மேலுதட்டிலும் தாடையிலும் தடித்த முடி வந்தது. முதலில் பார்த்த டாக்டர் ஒரு களிம்பு எழுதித் தந்ததோடு சரி. அடுத்துப் பார்த்த அம்மையார் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டார்.

பெண்களுக்கு மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு என ஆண்களைப் போல் தடித்த கருமுடி வளர்வதை ஹிர்சூட்டிசம் என்பார்கள். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பெண்களுக்கு இது உண்டு. 1961இல் ஃபெர்ரிமன், கால்வே என்ற இருவர் இதற்கு மதிப்பெண் முறை வகுத்தார்கள். இன்று உடலின் ஒன்பது இடங்களுக்கு 0 முதல் 4 வரை போடுகிறார்கள். முடி எவ்வளவு என்பதை அது சொல்லும். ஏன் என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் கேள்விகள்.

முதல் கேள்வி, எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு வேகம்? பருவமடைந்தபின் மெல்ல மெல்லக் கூடினால் பெரும்பாலும் சினைப்பை நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பிசிஓஎஸ்தான். சில மாதங்களிலேயே மளமளவென்று வளர்ந்து, குரல் தடித்து, முன்தலையும் வழுக்கையானால், சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

அடுத்து மாதவிலக்கு: 35 நாளைத் தாண்டியே வருகிறதா? பிறகு எடை கூடியதா, பரு உண்டா, கழுத்தில் கருமை படர்ந்ததா? எத்தனை நாளைக்கொரு தரம் த்ரெட்டிங் செய்கிறாள்? எடுத்துவிட்டுப் போனால் டாக்டர் கண்ணுக்குத் தெரியாதே!

குடும்பத்தில் யாருக்காவது இப்படி உண்டா, சர்க்கரை உண்டா, பெற்றோர் சொந்தத்தில் கட்டியவர்களா என்றும் கேட்பார்கள். அட்ரீனல் சுரப்பியின் ஒரு பரம்பரைக் கோளாறு தாய், தந்தை இருவழியிலும் வந்தால்தான் வெளிப்படும். அத்தை மகன், மாமன் மகள் என்று கட்டும் நம்மவர்கள் இதை மறைக்கக் கூடாது.

கடைசியாக, "வேற மருந்து ஏதாவது சாப்பிடறாளா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டாக்டர்" என்றாள் அவள் அம்மா. நானும் தலையாட்டினேன். உண்மையில் 14 வயதிலிருந்து வலிப்புக்கு வால்ப்ரோயேட் சாப்பிடுகிறாள். வெளியே தெரிந்தால் வரன் அமையாதே என்ற பயம் எங்களுக்கு.

டாக்டர் எங்களை வெளியே உட்காரச் சொன்னார். பத்து நிமிஷத்தில் பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்த மருந்து சில பெண்களுக்கு ஆண் ஹார்மோனைக் கூட்டி, மாதவிலக்கைக் குழப்பி, முடியையும் வளர்க்குமாம். கர்ப்பக் காலத்தில் சிசுவுக்கும் கெடுதல். நரம்பு மருத்துவரைக் கலந்துகொண்டு, கொஞ்சங் கொஞ்சமாக வேறு மருந்துக்கு மாற்றினார்கள். நாமாகச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு முற்றிவிடும் ஆபத்து உண்டு. அவளுக்கு மாதவிலக்கு சீரானது. முடி குறைய ஆறு மாதத்துக்கு மேலாயிற்று, முழுக்கப் போகவில்லை.

வீட்டுப் பெண்ணை அழைத்துப் போகும்போது மாத்திரை அட்டைகளையெல்லாம் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மாதவிலக்குத் தேதிகளைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். டாக்டர் "கொஞ்சம் வெளியே இருங்க" என்றால் முகம் சுளிக்காமல் எழுந்து வாருங்கள்.