பிறர் பெயரில் ஒரு கடை

இன்று தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்தாலும், வேறோர் ஊரில் பிரசித்தி பெற்ற பெயரைத் தாங்கிய தேநீர்க் கடையோ, பிரியாணிக் கடையோ, பழச்சாறுக் கடையோ கண்ணில் படாமல் இராது. அந்தப் பலகைக்குக் கீழே கல்லாவில் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் அந்தப் பெயருக்கு உரியவர் அல்லர். வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்ததையோ, ஓய்வு பெற்றபோது கைக்கு வந்ததையோ, வீட்டு நகையை அடகு வைத்துப் பெற்றதையோ முதலாகப் போட்டு, ஃபிரான்சைஸ், அதாவது அந்தப் பெயரில் கடை நடத்தும் உரிமை, எடுத்த உள்ளூர்க்காரர். அவர் செய்தது லாபகரமான காரியந்தானா என்பதை விளம்பரத்தைப் பார்த்து நிர்ணயிக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு தேநீர்க் கடையையே எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 8,000 ரூபாய், மாதத்துக்கு 2,40,000 ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொண்டால், பால், தேயிலை, சர்க்கரை, பலகாரம் ஆகியவற்றுக்கு நூற்றுக்கு 45 வீதம் 1,08,000 போய்விடும். வாடகை 30,000, டீ மாஸ்டர் உள்ளிட்ட மூவரின் சம்பளம் 48,000, மின்சாரமும் காஸும் 14,000 என்று மேலும் 92,000 கழிந்தால் மிச்சம் 40,000. சொந்தப் பெயரில் நடத்துகிறவர் இதிலிருந்து தாம் போட்ட முதலை மட்டும் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டால் போதும். பெயரை வாங்கியவரோ, அந்தப் பெயருக்குரிய கம்பெனிக்கு விற்பனையில் 5 சதவீதம் ராயல்டியாக 12,000 கட்ட வேண்டும். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,160 ரூபாய். மற்றப் பல வியாபாரங்களில் இந்த வரியைத் தாம் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 5 சதவீத வரியில் நடக்கும் உணவுக் கடைகளுக்கு அந்தச் சலுகை கிடையாதாகையால், அது திரும்பி வராத செலவு. எஞ்சுவது 25,840. தொடக்கக் கட்டணம், கம்பெனி சொன்னபடி செய்த அலங்காரம், இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து 12 லட்சம் என்றும், ஒப்பந்தம் 5 ஆண்டு என்றும் கொண்டால், அந்த முதலை மீட்க மாதம் 20,000 ஒதுக்கியாக வேண்டும். விடியற்காலையில் பால் வண்டி வருவதற்கு முன்பே எழுந்து, இரவு ஷட்டர் இறக்கும் வரை நின்றவருக்கு அப்புறம் கையில் தங்குவது 5,840 ரூபாய்; அவருக்குக் கீழே வேலை செய்கிற எவரும் அந்தச் சம்பளத்துக்குச் சம்மதிக்க மாட்டார்.

இதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம், ராயல்டி விற்பனையின் மேல் கணக்கிடப்படுகிறது, லாபத்தின் மேல் அன்று என்பது. விற்பனை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் கம்பெனியின் வரவு 12,000த்திலிருந்து 10,800 ஆகிறது, அவ்வளவுதான். கடைக்காரரோ மாதம் 5,944 ரூபாய் நஷ்டத்தில் விழுகிறார்.

பெயருக்கென்று ஒரு சக்தி இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அதையும் எண்ணிக்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். மேற்சொன்ன கடையில் ராயல்டிக்கும் அதன் வரிக்கும் மட்டுமே ஈடு செய்ய, நாள்தோறும் ஏறக்குறைய 960 ரூபாய்க்கு அதிகமாக விற்க வேண்டும். கோப்பை 15 ரூபாய் என்றால் 64 தேநீர். தேசிய நெடுஞ்சாலையில், ஊரறியாத பிரயாணி தெரிந்த பெயரைத் தேடி வண்டியை நிறுத்துகிற இடத்தில், அந்த 64 பேரைப் பெயரே அழைத்து வரும். இருபது வருஷமாக ஒரே தெருவில் கடை வைத்து, வருகிறவர் ஒவ்வொருவருக்கும் சர்க்கரை எவ்வளவு என்று கேளாமலே போடத் தெரிந்தவருக்குப் புதிய பலகை என்ன கொண்டுவந்துவிடப் போகிறது? அவர் பிறர் பெயரை வாங்க வேண்டியதில்லை என்பதே என் திடமான அபிப்பிராயம். தொழிலே புதிது, ஆனால் உழைக்க மனமுண்டு என்கிறவருக்கு மட்டும், கட்டணத்தைக் கல்விச் செலவாகக் கருதலாம். அதுவும் கம்பெனி உண்மையாகவே கற்றுக் கொடுக்குமானால்.

கம்பெனியின் வருமானம் எந்த வழியில் வருகிறது என்று விசாரித்தால் அதன் மனோபாவம் தெரிந்துவிடும். 1955இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து டெஸ் பிளெய்ன்ஸ் நகரில் தம் முதல் மெக்டொனால்ட்ஸ் கடையைத் திறந்த ரே க்ராக், தம்மிடம் உரிமை பெற்றவர்களிடம் விற்பனையில் 1.9 சதவீதம் வாங்கினாரே தவிர, அவர்களுக்கு இறைச்சியும் ரொட்டியும் விற்று அதில் லாபம் வைக்க மறுத்தார். அவர்கள் செழித்தாலொழியத் தமக்குச் செழிப்பில்லை என்று ஏற்பாட்டையே அமைத்துக்கொண்டார். தேயிலைத்தூள் முதல் காகிதக் கோப்பை வரை தன்னிடமே வாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு, சந்தை விலைக்கு மேல் வைத்து விற்கிற கம்பெனிக்கோ, கடை திறந்த அன்றே லாபம் தொடங்கிவிடுகிறது.

சட்டம் நம்மைக் காக்கும் என்று இருந்துவிடவும் இயலாது. அமெரிக்காவில், கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக, கட்டணங்களையும் வழக்குகளையும், முந்திய ஆண்டில் விலகிய கடைக்காரர்களின் பெயர்களையும் அடக்கிய ஆவணத்தைக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், வணிகச் சின்னச் சட்டமுமே துணை. ஒப்பந்த காலத்தில் அதே தொழிலை வேறு பெயரில் செய்யக்கூடாது என்ற நிபந்தனை செல்லுபடியாகும் என்று 1995இல் ஒரு குளிர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே காலம் முடியுமுன் விலக நேர்ந்தால் டெபாசிட் திரும்புமா, அடுத்த தெருவிலேயே இன்னொருவருக்கு உரிமை கொடுப்பார்களா என்பவற்றை எழுத்தில் பெற்று, வழக்கறிஞர் ஒருவரிடம் காட்ட வேண்டும். பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதை வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் செலவின்றிப் பார்த்துவிடலாம்.

நன்றாக ஓடும் கடைகளைக் கம்பெனியே அழைத்துச் சென்று காட்டும், அது போதாது. மூடப்பட்ட கடைகளின் முகவரிகளைக் கேளுங்கள். அவற்றை நடத்தியவர்களைத் தேடிப் போய், எவ்வளவு போட்டீர்கள், எவ்வளவு திரும்பியது என்று பொறுமையாக உட்கார்ந்து கேளுங்கள். முகவரி தர மறுக்கிற கம்பெனிக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.