கப்பலேறிய சுண்டெலி

மூழ்கிய கப்பல்களில் இதுவரை எவ்வளவு தங்கம் கிடைத்திருக்கும் என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். எனக்கோ ஓர் எலியின் தாடையெலும்பைப் பற்றிச் சொல்லத்தான் ஆசை.

துருக்கியின் தென்கரையில் உளுபுருன் என்றொரு முனை. 1982இல் அங்கே கடற்பஞ்சு எடுக்க இறங்கிய ஒருவர், காது வைத்த உலோக பிஸ்கட்டுகள் அடியில் கிடப்பதாக வந்து சொன்னார். அவை தாமிரப் பாளங்கள். கப்பல் மூழ்கியது கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில். 10 டன் தாமிரம், 1 டன் வெள்ளீயம், நீலக் கண்ணாடிக் கட்டிகள், யானைத் தந்தம், எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த தங்க முத்திரை எல்லாம் அதில் இருந்தன.

ஜார்ஜ் பாஸ், ஜெமால் புலாக் தலைமையில் 1984 முதல் 1994 வரை அகழாய்வு நடந்தது. ஆழம் 44 மீட்டருக்கும் மேல். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 20 நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை, அவ்வளவுதான் இறங்கலாம். அதிக நேரம் தங்கி அவசரமாக மேலேறினால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி ஆளையே முடக்கிவிடும். இப்படி 22,000 முறைக்கு மேல் மூழ்கி எழுந்தார்கள். பொருள் கிடந்த இடத்தை அளந்து, வரைந்து, படமெடுத்த பிறகே அதை அசைத்தார்கள். ஜாடிகளுக்குள் படிந்த வண்டலையும் விடாமல் சலித்தார்கள்.

எடுத்துவைத்த துணுக்குகளுள் ஒன்றுதான் அந்தத் தாடை. கிராமத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் நெல் மூட்டையோடு சுண்டெலியும் வந்து இறங்குமே, அப்படிச் சரக்கோடு ஏறிய வீட்டெலி. பல ஊர் எலிகளின் கடைவாய்ப் பல்லோடு இதன் பல்லின் வடிவத்தை ஒப்பிட்டு, 2008இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள்: எலி பெரும்பாலும் இன்றைய சிரியாக் கரையில்தான் ஏறியிருக்க வேண்டும். கப்பலில் பல நாட்டுப் பொருள்கள் கலந்து கிடந்ததால், அது எங்கிருந்து புறப்பட்டது என்பதைச் சரக்கை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். எலியோ விலைக்கு வாங்கி ஏற்றப்பட்டதல்ல; கப்பல் தொட்ட துறையிலிருந்தே தானாக ஏறியது. அதனால் அதன் சாட்சிக்குத் தனி மதிப்பு.

தங்கத்தை மட்டும் தேடி இறங்குகிறவன் கையில் இந்த எலும்பு சிக்காது. 1752இல் தென்சீனக் கடலில் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்சன் அப்படித்தான் போனது. முறையான தொல்லியல் பதிவு இல்லாமல் அதிலிருந்து வாரியெடுத்த பீங்கான்கள் 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் உலகெங்கும் சிதறிவிட்டன. அந்தக் கப்பலின் முதன்மைச் சரக்கு தேயிலை. அதற்கு ஏலத்தில் விலை கிடையாது, ஆகவே யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.