பசி மனதையும் வாட்டும்

காணியும் கிணறும் இருந்த காலத்தில் விடியமுன் தோட்டத்தில் நின்றவர், இடம்பெயர்ந்தபின் பாயைவிட்டு எழும்ப மனமின்றிக் கிடக்கிறார். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுப் பானையில் மிஞ்சியதைச் சாப்பிடும் தாய், இரவு முழுவதும் நித்திரையின்றி யோசிக்கிறார். "சோம்பல்", "மனத்தைரியம் இல்லை" என்று அயலவர் சொல்கிறார்கள். நாமும் சில வேளைகளில் அப்படிச் சொல்லியிருக்கிறோம். அது நியாயமா?

நாளைய சாப்பாட்டுக்கு வழி தெரியாத நிலையை உடல் ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அப்போது கோட்டிசோல் என்னும் ஓமோன் கூடுதலாகச் சுரக்கும். ஆபத்து நீங்கியதும் அது தணிய வேண்டும். கவலை மாதக்கணக்கில் நீடித்தால் இந்த ஒழுங்கு குழம்பி, நித்திரையும் உற்சாகமும் கெடும். மனச்சோர்வு நோய்க்கு இது ஒரு வழியாகிறது.

இதன் சுவடு பரம்பரை அலகுகளிலும் பதியலாம். குளம் ஒன்றுதான், துருசை எவ்வளவு திறக்கிறோம் என்பதைப் பொறுத்தே வயலுக்குத் தண்ணீர் பாயும். அதுபோல, பரம்பரை அலகு மாறாமலே, அதன்மேல் ஒட்டும் மெதைல் என்னும் சிறு இரசாயனக் குறிகள் அதன் வேலையைக் கூட்டும், குறைக்கும்.

உலக யுத்தத்தின்போது, 1944-45 குளிர்காலத்தில், ஒல்லாந்தின் மேற்கு நகரங்களுக்கு உணவு செல்வதை ஜேர்மன் படை தடுத்தது. ஒருவரின் பங்கீடு நாளொன்றுக்கு 1000 கலோரிக்கும் கீழே போனது. மக்கள் துலிப் கிழங்கையும் தின்றார்கள். அந்தப் பஞ்சத்தின்போது கருவானவர்களை, சுமார் 60 ஆண்டுகளின் பின் ஆய்வாளர் சோதித்தனர். வளர்ச்சிக்குரிய ஒரு பரம்பரை அலகில் மெதைல் குறிகள், அவர்களின் சகோதரரைவிடக் குறைவாயிருந்தன. இந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. கர்ப்பத்தின் பிந்திய மாதங்களில் பஞ்சத்துக்குட்பட்ட பிள்ளைகளிடம், வளர்ந்தபின் கடும் மனநிலை நோய்கள் கூடுதலாக இருந்ததை வேறு ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் எல்லாம் தலைவிதியா? இல்லை. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தார் 2004இல் எலிகளில் ஒன்றைக் கண்டனர். தாய் நக்கி அரவணைக்காத குட்டிகளில், பதற்றத்தைத் தணிக்கும் பரம்பரை அலகு அடைபட்டிருந்தது. அத்தகைய தாயின் குட்டிகளைப் பிறந்த கையோடு அரவணைக்கும் தாயிடம் விட்டபோது, அந்த அலகு நன்கு திறந்திருந்தது. மனிதர் எலிகள் அல்லர். ஆயினும் குறிகள் கல்லில் வெட்டிய எழுத்தல்ல என்பது தெளிவு.

ஆகவே நாம் செய்யக்கூடியவை உண்டு. கர்ப்பிணித் தாய் கடைசியாகச் சாப்பிடும் வழக்கத்தை நிறுத்துவோம். குடிசையோரம் ஒரு முருங்கைத் தடியும் பழைய சாக்கில் பொன்னாங்காணியும் நட்டால், நாளைய கறிக்காவது ஒரு நிச்சயம் கிடைக்கும். இரண்டு கிழமைக்கு மேல் ஒருவருக்கு நித்திரையும் நாட்டமும் இல்லாவிட்டால், குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்வோம். சாவைப் பற்றிப் பேசினால் அவரைத் தனியே விடாமல், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்வோம்.

நிவாரணம் கேட்கும்போதும் இதைச் சொல்வோம்: அரிசி பிந்தினால் வயிறு மட்டுமல்ல, மனமும் வாடுகிறது. பாயில் கிடப்பவரைச் சோம்பேறி என்று இனிமேல் சொல்லாதிருப்போம்.