தந்தூரி அடுப்புக்கு அனுமதி கொடுத்த மாநகராட்சி!

கனடாவுக்குப் போன நம் ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். குளிருக்குக் கோட் வாங்கி, வாடகைக்கு வீடு பிடித்து, எல்லாம் முடிந்து வேலை தேடும்போது வரும் ஒரு கேள்வியைச் சொல்வார்கள். ‘கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?’

வந்து இறங்கி இருபது நாளான ஆளுக்கு அது எங்கிருந்து வரும்? வேலை கொடுத்தால்தானே அனுபவம்! சொந்த ஊரில் பொறியாளராகவும் கணக்காளராகவும் இருந்தவர்கள் டொரன்டோவில் டாக்ஸி ஓட்டியதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

இதைச் சரிசெய்ய 2003-ல் அந்த ஊரில் ‘ட்ரையெக்’ என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே வழிகாட்டித் திட்டம் ஒன்று வந்தது. டொரன்டோ மாநகராட்சி அதில் சேர்ந்து, தன் ஊழியர்களையே வழிகாட்டிகளாக அனுப்பியது. கணக்குப் பிரிவில் இருப்பவர், புதிதாக வந்த கணக்காளரோடு சில மாதங்கள் அவ்வப்போது உட்கார்ந்து பேசுவார். அப்பா பெயர், வயது, போட்டோ இதெல்லாம் அங்கே பயோடேட்டாவில் வேண்டாம் என்பது தொடங்கி, இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்பது வரை. வேலைக்கு உத்தரவாதம் கிடையாது. சிபாரிசும் இல்லை. ஆனால், யாரைக் கேட்பது என்றே தெரியாதவருக்குக் கேட்க ஓர் ஆள் கிடைக்கிறார் அல்லவா?

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 25 பேருக்குக் குறையாத ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள், வேலை விளம்பரத்தில் ‘கனடிய அனுபவம் தேவை’ என்று போடக் கூடாது என்ற விதி ஒன்டாரியோ மாகாணத்தில் அமலுக்கு வந்தது 2026 ஜனவரி 1-ல்தான்.

சரி, இதெல்லாம் பட்டமும் உத்தியோகமும் உள்ளவர்களுக்கு. வீட்டோடு இருக்கும் பெண்களுக்கு?

அதற்கு டொரன்டோவின் தார்ன்கிளிஃப் பார்க் பகுதிக்குப் போக வேண்டும். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இடம். இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியா என்று பல நாட்டுக் குடும்பங்கள். நடுவே ஆர்.வி.பர்ஜெஸ் பூங்கா.

2008-ல் கனடாவுக்குக் குடிவந்த சபீனா அலி, பராமரிப்பில்லாமல் கிடந்த இந்தப் பூங்காவைப் பார்த்து, அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மகளிர் குழு தொடங்கினார். முதலில் குழந்தைகளுக்கு ஊஞ்சல் கேட்டார்கள். பிறகு கோடைக்கால வெள்ளிக்கிழமைகளில் பஜார். சுடிதார், வளையல், சமோசா, தேநீர். அதுவரை ஒரு டாலர்கூடச் சொந்தமாகச் சம்பாதிக்காத பெண்களும் அங்கே கடை விரித்தார்கள்.

அடுத்து அவர்கள் கேட்டதுதான் தந்தூரி அடுப்பு! பூங்காவில் ரொட்டி சுட அடுப்பு வைப்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. ஆனால் தந்தூர்? மாநகராட்சி விதிகளில் அப்படியொரு பொருளே இல்லை. கடிதம், கூட்டம், மறுபடி கடிதம். (அனுமதிக்காக அலைவது எந்த நாட்டிலும் ஒன்றுதான் போலிருக்கிறது!) ஒருவழியாக 2013-ல் அடுப்பு எரிந்தது. வட அமெரிக்கப் பொதுப் பூங்காக்களில் இதுதான் முதல் தந்தூர் என்கிறார்கள்.

ரொட்டி சுடும் இடத்தில் பேச்சு தானாக வரும். எந்தப் பள்ளி நல்லது, எங்கே ஆங்கில வகுப்பு நடக்கிறது, எங்கே ஆள் எடுக்கிறார்கள்... பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் மாடியில் அடைந்து கிடந்தவர்களுக்கு இந்த வரிசையில்தான் ஊர் பழகியது.

சமையலைத் தொழிலாக்க நினைப்பவர்களுக்கு அங்கே உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் முக்கியம். மாநகராட்சியின் சுகாதாரத் துறையே அதற்குப் பயிற்சியும் தேர்வும் நடத்துகிறது. உணவகத்தில் வேலை கேட்டுப் போகும்போதும் அது செல்லும். ஊரில் முப்பது வருடம் சமைத்த கைக்கு, கனடா கொடுக்கும் முதல் காகிதம்!